ஆபீஸ் ஜன்னலில் இருந்த மேடம்

நான் பதினோரு வருடம் வேலை பார்த்த பள்ளியில், ஆபீஸ் ஜன்னல் பக்கம் போவதற்கே பிள்ளைகள் பயப்படுவார்கள். ஹெட்மாஸ்டருக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள். அவர் அறை மாடியில், கதவு எப்போதும் சாத்தியிருக்கும், அவரும் சாதுவான மனிதர். பயமெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கிளார்க் மேடத்திடம்தான். குரல் அப்படி. "என்ன வேணும்?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டாலே மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பவன் நின்று திரும்பிப் பார்ப்பான். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'மைக் மேடம்' என்றார்கள். ஸ்டாஃப் ரூமில் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். அது அவருக்குத் தெரியும்.

அந்தக் குரல் கோபத்தில் வந்ததில்லை. அவருடைய அப்பா தறி மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்து, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். "எங்க வீட்டுல உப்பு வேணும்னாலும் கத்தித்தான் கேக்கணும் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிள்ளைகள் எதிரில் என்னை 'சார்' என்பார், மற்ற நேரங்களில் 'தம்பி'. அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் குரல் இறங்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கை வீட்டு மாடியில் குடியிருந்தார். தங்கையின் வீட்டுக்காரர் கிண்டல்காரர். "அக்கா போன் பேசறப்ப போனைக் கீழே வச்சுடலாம், அந்தப் பக்கம் நேராவே கேட்டுடும்" என்பாராம். இதையும் மேடமே சிரித்துக்கொண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேடம் இருபத்திரண்டு வயதில் தட்டச்சு வேலைக்கு வந்தவர். நான் சொல்லப்போகும் சமயத்தில் ஐம்பத்து மூன்று. அட்மிஷன், மாற்றுச் சான்றிதழ், வருகைக் கணக்கு எல்லாம் அவர் கையில். அதோடு தாமதப் பதிவேடும். காலை எட்டரைக்கு மணி அடித்ததும் கேட்டை ஒட்டிய அந்த ஜன்னல் வழியாகத்தான் தாமதமாக வருகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும். "இன்னிக்கு என்ன கதை?" என்று அவர் கேட்பது மாடி வரை கேட்கும். வகுப்பில் இருக்கும் எங்களுக்கு, யார் வரப்போகிறார்கள் என்பது அவர்கள் படியேறும் முன்னே தெரிந்துவிடும்.

அவருடைய மேஜையின் இரண்டாவது டிராயரில் பின்னூசி, சட்டைப் பொத்தான், நூல், ஊசி, இரண்டு மூன்று பேனா, செய்தித்தாளில் சுற்றிவைத்த நாப்கின்கள் எல்லாம் இருக்கும். அவராகவே வாங்கி வைத்தவை. ஆனால் அவற்றுக்கு அவசரம் வந்த பெண்பிள்ளைகள் பலர் ஜன்னல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மேடம் உரக்க ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயம். இதை அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார். தெரிந்த அன்று பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார்.

அந்த வருடம் தாமதப் பதிவேட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண். என் வகுப்புதான். சின்ன உடம்பு, முழுக்கை வைத்துத் தைத்த சட்டை, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற சுபாவம். நான் அறிவியல் பாடம் எடுப்பவன், அதில் அவள் நல்ல மார்க் வாங்குவாள், ஆகவே அவளைப் பற்றி எனக்குக் கவலைப்பட எதுவும் இருக்கவில்லை. வாரத்தில் நாலு நாள் எட்டு நாற்பதுக்குச் சீட்டோடு வந்து நிற்பாள். நான் தலையாட்டுவேன், போய் உட்காருவாள்.

மேடம் அவளைத் திட்டாத திட்டில்லை. "உங்க வீட்டுல கடிகாரம் இல்லையா? தூங்குமூஞ்சி" என்பார். அவள் சீட்டை வாங்கி, "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தத் தேங்க்ஸ்தான் மேடத்துக்கு எரிச்சலைக் கிளப்பியது. "திமிரைப் பாருங்க தம்பி, திட்டு வாங்கிட்டு நன்றி சொல்றா" என்றார் என்னிடம்.

முப்பத்தோராவது தாமதத்துக்கு அம்மாவை வரச்சொல்லிக் கடிதம் போனது. அம்மா ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் மெஷினில் உட்காருபவர். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். ஜன்னலில் நின்று பதிவேட்டைப் பார்த்தவர் ஒன்றும் புரியாமல் மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

"இது எப்படிங்க மேடம்? நானும் அவளும் ஏழரைக்கு ஒண்ணாதான் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறோம். முனை வரைக்கும் ஒண்ணா வந்து, நான் பஸ் ஏறிடுவேன். அங்கேருந்து இங்க இருபது நிமிஷ நடைதானே."

மேடம் பதிவேட்டை மூடினார். ஏழரைக்குக் கிளம்பினவள் எட்டு நாற்பதுக்கு வருகிறாள் என்றால் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எங்கே போகிறது? அம்மாவின் மனதில் என்ன ஓடுகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய் அவளை ஒண்ணும் கேக்காதீங்க. ரெண்டு நாள் பொறுங்க. நான் பார்த்துச் சொல்றேன்" என்றார் மேடம்.

மறுநாள் அவர் ஏழே முக்காலுக்கே பள்ளிக்கு வந்துவிட்டார். கேட்டுக்கு எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைப் படியில் நின்றுகொண்டார். ஏழு ஐம்பத்திரண்டுக்கு அவள் வந்தாள். தனியாக, நேராக, எங்கும் பார்க்காமல் கேட்டுக்குள் நுழைந்தாள். இடதுபுறம் திரும்பி சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிப் போனாள். மேடம் கொஞ்சம் விட்டுப் பின்னால் போனார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. உபயோகத்தில் இல்லாதது. அதற்கும் மதில் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம். அங்கே ஒரு சிமெண்ட் கல்லின்மேல் நோட்டுத் தாளை விரித்து உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து அவள் படித்துக்கொண்டிருந்தாள். மேடம் ஸ்டாண்டின் தூண் மறைவில் நின்றார். எட்டே கால் ஆயிற்று. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் அவள் அங்கே இருப்பது தெரியவில்லை. எட்டரைக்கு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் எட்டு நிமிடம் கழித்துப் புத்தகத்தைப் பையில் வைத்தாள், பாவாடையைத் தட்டிவிட்டாள், தாளை நாலாக மடித்துப் பத்திரப்படுத்தினாள். பிறகு ஜன்னலை நோக்கி நடந்தாள்.

அங்கே ஆள் இல்லை. அவள் காத்து நின்றாள். பின்னாலிருந்து மேடம் வந்து சேர்ந்தார்.

"நான் திட்டறதுக்காகவா காத்துக்கிட்டு நிக்கறே?" என்று கேட்டாராம். அவரைப் பொறுத்தவரை அது மெதுவாகக் கேட்டது.

அவள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மேடம் ஆபீஸ் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு உண்டு, பெற்றோர்கள் உட்காருவதற்கு. அதில் அவள் ஓரமாக உட்கார்ந்தாள். மேடம் அன்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிசுகிசுத்துப் பேசப் பார்த்தார். சரியாக வரவில்லை, தொண்டை கட்டினது போலக் கேட்டது. அதைக் கேட்டு அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

ஏழாம் வகுப்பிலிருந்து அவளுக்கு ஒரு தோல் வியாதி. கை கால் மடிப்புகளில் அரிப்பு, வெடிப்பு. டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பில் கந்தகம் இருந்தது, நாற்றம் வரும். அதனால்தான் முழுக்கைச் சட்டை. எட்டாம் வகுப்பில், கூடப் படிக்கும் நாலு பெண்கள் அவள் கடந்து போகும்போது மூக்கைப் பொத்த ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மாடிப்படி திரும்பும் இடத்தில் உள்ள கட்டைச் சுவரில் காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஏறினால் பேச்சு நிற்கும், நாலு கையும் மூக்குக்குப் போகும், அவள் தாண்டியதும் சிரிப்பு. வகுப்பிலும் ஆசிரியர் வரும்வரை அதேதான்.

"முன்னாடியே மேலே போயிட்டா?" என்று மேடம் கேட்டார்.

"போனா, கிளாஸ்ல தனியா உக்காந்திருக்கணும் மேடம். அவங்க வந்துடுவாங்க. சார் வர்றதுக்குள்ள அரை மணி நேரம். சார் வந்தப்புறம் போனா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அதுக்கு என்கிட்ட தினம் திட்டு வாங்கறதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க எல்லாரையும்தான் திட்டுவீங்க மேடம்" என்றாள்.

மேடம் பிறகு என்னிடம் சொன்னார்: "அவ அதைக் குத்தமா சொல்லலை தம்பி. எனக்கு ஒரு சர்டிபிகேட் மாதிரிச் சொன்னா. எங்கே போய் முட்டிக்கறது?"

"இப்பவும் அந்த மருந்து போடறியா?" என்று கேட்டிருக்கிறார்.

"நிறுத்தி நாலு மாசமாச்சு மேடம். இப்ப வாசனையே கிடையாது. ஆனாலும் பொத்தறாங்க."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அம்மாவிடம்கூட. அம்மா வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவருவார் என்ற பயம். மேடம் சரி என்று தலையசைத்தார். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாயாலும் சொன்னார். அம்மாவுக்கு மட்டும் போன் செய்து, "உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை, பள்ளிக்கூடத்துக்குள்ளதான் இருக்கா, தைரியமா இருங்க" என்று சொல்லி வைத்தார்.

அன்று மதியமே என்னிடம் சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வகுப்பாசிரியனுக்குத் தெரியாமல் இது எப்படித் தீரும் என்று நினைத்திருக்கிறார். நல்ல எண்ணம்தான். கெடுத்தது நான். கேட்ட உடனே எனக்கு ரத்தம் கொதித்தது. என் வகுப்பில் இப்படியா என்று. ஆறாவது பீரியடில் அந்த நாலு பேரையும் எழுப்பி நிறுத்தினேன். "நாங்க ஒரு வார்த்தை பேசலை சார்" என்றாள் அவர்களில் உயரமானவள். எல்லோரும் அவளை நெட்டை என்பார்கள். பேசவில்லை என்பது உண்மைதான். நான் விடவில்லை. ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்றினேன். நாலு பேரையும் வகுப்பு முன்னால் வரவழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டார்கள். அது மட்டுமா, அந்தப் பெண்ணையும் எழுந்து நிற்கவைத்து, "மன்னிச்சுட்டேன்னு சொல்லும்மா" என்றேன். சொன்னாள். நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன். "அந்தப் பொண்ணை எதுக்கு எழுப்பி நிக்க வச்சீங்க?" என்று அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

மூன்று நாள் அவள் சரியான நேரத்துக்கு வந்தாள். பார்த்தீர்களா என்று மேடத்திடம் மார்தட்டினேன். நாலாவது நாளிலிருந்து வரவே இல்லை.

காய்ச்சல் என்று லீவு கடிதம் வந்தது. ஒன்பது நாள் ஆயிற்று. அவள் வந்த அந்த மூன்று நாளில் வகுப்பில் ஒரு புது வழக்கம் வந்திருந்ததை ஒரு மாணவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவளைப் பார்த்தால் நாலு பேர் மட்டுமல்ல, பாதி வகுப்பு கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுடுங்க" என்று சொல்லியிருக்கிறது. மூக்கைப் பொத்துவதில்லை. அதைத்தான் சார் தடுத்துவிட்டாரே.

மேடம் என்னை ஆபீசுக்கு அழைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். போடவில்லை.

"தம்பி, அவ என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா. அதை நான் செய்யலை. அவ என்னை நம்பினா, நான் உங்களை நம்பினேன், நீங்க நாற்பத்திரண்டு பேரை நம்பிட்டீங்க. நான் நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன். நீங்க வர வேண்டாம்."

மறுநாள் சனிக்கிழமை. ஒரு குறுகிய தெருவில் மூன்றாவது மாடி. அம்மா கதவைத் திறந்தார். அவள் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அம்மா டீ போட உள்ளே போனதும் மேடம் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. ஆனாலும் கட்டிலில் அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ள அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க மேடம்" என்றாள் அவள், சுவரிடம் சொல்வது போல.

"சொன்னேன். அப்புறம் சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன்மா."

ஏன், எதற்கு, உன் நல்லதுக்குத்தான் என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன் என்றார் என்னிடம். டீ வந்தது. குடித்து முடித்தபின் கேட்டார்.

"உனக்கு என்ன வேணும்னு நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன். என்ன பண்ணினா நீ வருவே?"

அவள் இவர் பக்கம் திரும்பினாள். பிறகு, "பழைய மாதிரி லேட்டா வர்றேன் மேடம். அதை மட்டும் விட்டுடுங்க. திட்டாம எழுதுங்க, போதும்" என்றாள்.

மேடத்துக்கு அழுகை வந்துவிட்டது. பதினாலு வயதுப் பெண் பள்ளிக்கூடத்திடம் கேட்டது அவ்வளவுதான். தாமதமாக வர அனுமதி, அதுவும் திட்டு இல்லாமல்.

"மழை வந்தா தொட்டிக்குப் பின்னால எப்படி உக்காருவே?" என்று கேட்டார்.

"போன மாசம் பையைத் தலையில வச்சுக்கிட்டேன்."

திங்கள்கிழமை காலை மேடம் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். ஆபீசுக்குப் பின்னால் கோப்புகள் வைக்கும் அறை ஒன்று, அதிலிருந்து மாடிக்கு ஓர் இரும்புப் படி. தேர்வுக் காலத்தில் வினாத்தாள் கட்டுகளை யார் கண்ணிலும் படாமல் மேலே கொண்டுபோகக் கட்டியது. வருடத்தில் பத்து நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டித்தான் கிடக்கும். அதன் சாவி மேடத்திடம். காலையில் அந்தப் பெண் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும், மணி அடித்ததும் அந்தப் படி வழியாக வகுப்புக்குப் போகட்டும் என்று கேட்டார்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே மேடம்."

"கேக்கட்டும் சார்."

"காரணம் என்னன்னு எப்படித் தெரியும்? சும்மா ஜாலிக்கு வருவாங்க."

"சார், நான் உக்காந்திருக்கிற ரூமுக்கு ஜாலிக்கு யாரு வருவா?"

அவர் சிரித்துவிட்டார். ஒரு மாதம் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அவள் புதன்கிழமை வந்தாள். ஏழு ஐம்பத்தைந்துக்கு ஆபீஸ் கதவு திறந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். மணி அடித்ததும் இரும்புப் படி ஏறி, நான் வகுப்புக்குள் நுழையும் அதே நேரத்தில் நுழைந்தாள். தாமதப் பதிவேட்டில் அன்று அவள் பெயர் இல்லை.

ஹெட்மாஸ்டர் பயந்தது போலவே மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுக்குத் திக்குவாய். கேட்டில் நிற்கும் மாணவர் தலைவர்களுக்கு 'குட் மார்னிங்' சொல்லாமல் உள்ளே வர முடியாது. அந்த 'கு'வில் அவன் மாட்டிக்கொள்வான், அவர்கள் கடைசி வரை பொறுமையாகக் காத்திருப்பது போல நின்று ரசிப்பார்கள். பிறகு பத்தாம் வகுப்பில் ஆறடி உயரமுள்ள ஒருவன். அவனை யாரும் எதுவும் செய்வதில்லை, ஆனால் காலைக் கூட்டத்தின் இரைச்சலில் அவனுக்கு மூச்சு முட்டும். இரண்டு வாரத்தில் ஏழு பேர் ஆனார்கள். மேடம் யாரையும் காரணம் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து இன்னொரு பெஞ்சைப் போடவைத்தார். தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய டேபிள் ஃபேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழு பேரும் அங்கே என்ன செய்தார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. படித்தார்கள், ஜன்னல் வழியே பார்த்தார்கள், திக்குவாய்ப் பையன் மேடத்தின் ரப்பர் ஸ்டாம்புகளை வரிசைப்படுத்தினான். மேடம் தன் வேலையைப் பார்த்தார். தாமதமாக வந்தவர்களுக்குச் சீட்டு எழுதும்போது மட்டும், கதை கேட்பதை நிறுத்தியிருந்தார். "எழுதியாச்சு, போ" என்பார். அதுவும் உரக்கத்தான்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆய்வகத்தில் மற்றவர்கள் போனபின், கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்து நின்றாள். "நீ மன்னிச்சேன்னு சொல்ல வேண்டாம்மா, நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்" என்றேன். பிறகு, காலையில் எட்டு மணியிலிருந்து நான் படிக்கட்டுப் பக்கம் நிற்கலாமா என்று கேட்டேன்.

"நில்லுங்க சார். என்னைப் பார்க்காதீங்க. எல்லாரையும் பார்க்கிற மாதிரி பாருங்க" என்றாள்.

அப்படியே நின்றேன். பி.டி. சாரும் சேர்ந்துகொண்டார். டீ டம்ளரோடு கட்டைச் சுவரில் நாங்களே உட்கார்ந்துவிட்டதால் அந்த நாலு பேருக்கு இடம் இல்லாமல் போயிற்று. வருகிற பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசினோம். நான் ஒன்பது வருடமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பள்ளியில், பிள்ளைகள் எந்த முகத்தோடு உள்ளே வருகிறார்கள் என்பதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். பாதிப்பேர் முகம், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் முகம்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை, ஆபீஸ் கதவருகே நெட்டை வந்து நின்றாள்.

மேடத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெட்டையின் கண்கள் சிவந்திருந்தன. மற்ற மூன்று பேரும் அவளை ஒதுக்கிவிட்டார்கள் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் வீட்டில் அப்பா அம்மா பிரிந்ததைப் பற்றி அவர்களில் ஒருத்தி வகுப்பெல்லாம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மேடத்துக்கு அது தெரியாது. பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், வாசலில் நெட்டை நிற்கிறாள். யாரையும் காரணம் கேட்பதில்லை என்று தானே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

"ஒரு நிமிஷம் நில்லு" என்று நெட்டையிடம் சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு வந்து குனிந்தார். இதற்குள் அவர் குரலைத் தாழ்த்தக் கொஞ்சம் பழகியிருந்தார்.

"வெளியே யாரு நிக்கறான்னு பார்த்தியா? உனக்குச் சரின்னா உள்ளே விடறேன். இல்லேன்னா ஸ்டாஃப் ரூம்ல உக்கார வைக்கிறேன். எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். உனக்காகத்தான் கேக்கறேன்."

அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பக்கத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"இங்க உக்காரட்டும் மேடம். அந்தக் கடைசி பெஞ்சுல" என்றாள்.

நெட்டை உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். அவர்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்தபின் இருவரும் இரும்புப் படியின் கீழே நின்று ஏதோ பேசினார்கள் என்று மேடம் சொன்னார். நெட்டைதான் பேசினாளாம், மற்றவள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். என்ன பேசினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

ஒரு மாதம் என்று கொடுத்த அனுமதி அப்படியே நீண்டது. வருடம் முடிந்து புது வருடம் பிறந்தது. பெஞ்சில் ஆட்கள் மாறினார்கள். ஆறடிக்காரன் பள்ளியை முடித்துக்கொண்டு போனான். ஐந்தாம் வகுப்பு முடித்து வந்த இரட்டையர் இருவர் சேர்ந்தார்கள். டிராயரில் இருந்த நாப்கின்களை மேடம் கோப்பு அறை அலமாரியில் யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். அந்த மாதமே இரண்டு தடவை வாங்கி நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தப் பெண் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள், அதுவும் என் வகுப்புதான். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த நாள், எட்டு இருபது ஆகியும் அவள் ஆபீசுக்கு வரவில்லை. மேடம் இரண்டு முறை எழுந்து கேட்டைப் பார்த்தார். எட்டரைக்கு மணி அடித்தது. பழைய ஞாபகத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார், யாரும் இல்லை. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முழங்கால் வலியோடு மாடி ஏறி, வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றார். நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேடத்தைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எந்த வழியா வந்தே?"

"எல்லாரும் வர்ற படி வழியாதான் மேடம்."

"யாராவது ஏதாவது…"

"இல்ல மேடம். பேசிக்கிட்டே வந்தோம், கவனிக்கலை." பக்கத்து பெஞ்சுப் பெண்ணைக் காட்டினாள். பின்னர், "உங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கணும். மறந்துட்டேன்" என்றாள்.

"மறந்துட்டியா?" என்றார் மேடம். முழுக் குரலில் வந்துவிட்டது. வகுப்பே திரும்பியது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "சரி, சரி, போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அந்த வருடக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவும் அவளும் வந்தார்கள். வேறு ஊரில் ஹாஸ்டலோடு கூடிய மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. நானும் கையெழுத்துப் போட ஆபீசில் இருந்தேன். அவள் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். மேடம் சான்றிதழைத் தட்டச்சு செய்து, ஸ்டாம்ப் வைத்து, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

"அங்க ஆபீஸ்ல யாரு இருப்பாங்க மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"யாராவது இருப்பாங்க. முதல் நாளே போய் ஜன்னல்ல நின்னு பேசிப் பழகிடு. ஆளைப் பார்த்துப் பயந்துடாதே."

அம்மா கும்பிட்டார். அவள், "வர்றேன் மேடம், வர்றேன் சார்" என்றாள். ஜன்னலில் அடுத்த பெற்றோர் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேடம் அதை வாங்கி, பிறந்த தேதி சரியாக எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.